டிவிசடேரோ தெரு, 321
காந்த நாடாவின் கதை – 9

அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் மல்லின், தோற்றுப்போன ஜெர்மனியிலிருந்து இரண்டு மேக்னெட்டோஃபோன் நாடாப்பதிவுக் கருவிகளைக் கழற்றித் தபால் பைகளில் போட்டு ஊருக்கு அனுப்பியதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1946 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் பொறியாளர்கள் கூட்டத்தில் அவற்றை ஓட்டிக் காட்டினார். பாடகர் பிங் கிராஸ்பி பணம் போட்டார். அந்நகரத்துக்குத் தெற்கே இருந்த ஆம்பெக்ஸ் நிறுவனம் 1948-இல் தன் முதல் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காந்த நாடா வானொலிக்காரர்களின் சொத்தாயிற்று.

சில ஆண்டுகளில் அது இசையமைப்பாளர்கள் கைக்கும் வந்தது. ஆனால் எந்த இசையமைப்பாளர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாரிசில் பிரெஞ்சு வானொலியின் கதவு திறந்தால்தான் இசையமைப்பாளர் பியர் ஷேஃபரின் நாடா இசைக் கூடத்துக்குள் போக முடியும். கொலோனிலும் மிலானிலும் அப்படியே. நியூயார்க்கில் கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1959-இல் ஒரு மின்னணு இசை மையத்தை அமைத்தன. ராக்பெல்லர் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது 1,75,000 டாலர். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் ஆர்சிஏ சிந்தசைசர் அங்கே இருந்தது. உள்ளே போகப் பல்கலைக்கழகத் தொடர்போ, சிபாரிசோ வேண்டும்.

இந்த வாரம் நாம் போகும் இடத்தில் சிபாரிசு கேட்கவில்லை. சான்பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் பெயரில் ஒரு சொந்தச் சுவர்கூட இல்லாமல், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடந்த கூட்டுமுயற்சி அது. இருபதாம் நூற்றாண்டு இசையின் போக்கை மாற்றிய சில காரியங்கள் அந்த ஐந்து ஆண்டுக்குள் நடந்தன.

ஜன்னலில் ஒரு மைக்

பாலின் ஒலிவெரோஸ் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன்காரர். அம்மா, பாட்டி இருவரும் பியானோ ஆசிரியைகள். மகள் பிடித்துக்கொண்டது அக்கார்டியன். 1952-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து, அக்கார்டியன் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அடுத்த ஆண்டு, இருபத்தோராவது பிறந்தநாளுக்கு, அம்மா ஒரு டேப் ரெக்கார்டர் பரிசளித்தார். பாலின் அதன் மைக்கை ஜன்னலில் வைத்து வெளிச்சத்தங்களைப் பதிவு செய்தார். திரும்பப் போட்டுக் கேட்டபோது, பதிவு நடந்த நேரத்தில் தன் காதில் விழவே விழாத ஒலிகளெல்லாம் நாடாவில் இருந்தன. மைக் பாகுபாடு பார்க்காமல் கேட்டிருக்கிறது, தன் காது வேண்டியதை மட்டும் பொறுக்கியிருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து கேட்பதையே ஒரு சாதகமாக எடுத்துக்கொண்டார். 2016-இல் இறக்கும்வரை அதை விடவில்லை.

நகரத்தில் ராபர்ட் எரிக்சன் என்ற ஆசிரியர் இருந்தார். தன்னைப்போல எழுதும் சீடர்களை உருவாக்குவதில் அவருக்கு ஆர்வமில்லை. மாணவர்கள் தாளை மூடிவைத்துவிட்டுக் கற்பனையாக வாசிப்பதை ஊக்குவித்தவர். ஒலிவெரோஸ், டெர்ரி ரைலி, லாரன் ரஷ், ரமோன் செண்டர் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள்.

1957-இல் ரைலிக்கு ஒரு குறும்படத்துக்கு ஐந்து நிமிட இசை தேவைப்பட்டது. ரஷ் வேலை பார்த்த பெர்க்லி கேபிஎஃப்ஏ வானொலியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரைலி, ரஷ், ஒலிவெரோஸ் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நேயர்களின் சந்தாவில் நடந்த வானொலி அது. என்ன வாசிப்பது என்று பேசிக்கொள்ளாமல் நாடாவை ஓடவிட்டு வாசித்தார்கள். அது பிடித்துப்போய் மறுபடி மறுபடி சந்தித்தார்கள். முன்கூட்டிப் பேசித் திட்டமிட்ட நாட்களில் வாசிப்பு சப்பென்று போயிற்று. முதலில் வாசித்து, நாடாவைப் போட்டுக் கேட்டு, அப்புறம் பேசினால் அடுத்தது மேலாக வந்தது. இந்த முறைக்கு நாடா இல்லாமல் வழியில்லை. எழுதி வைக்காத இசையைத் திரும்பப் பார்த்துத் திருத்திக்கொள்ள அது ஒன்றுதான் ஏடு.

குளியல் தொட்டியும் பரண் அறையும்

1961-இல் ஒலிவெரோஸ் தன் முதல் நாடாப் படைப்பான ‘டைம் பர்ஸ்பெக்டிவ்ஸ்’ செய்தார். கையில் இருந்தது சியர்ஸ் கடையில் கிடைக்கும் சில்வர்டோன் வீட்டு ரெக்கார்டர். எதிரொலிக்குக் குளியல் தொட்டி. ஒலியின் நிறத்தை மாற்ற அட்டைக் குழாய்கள்; குழாயின் ஒரு முனையில் மைக்கைச் செருகி, மறுமுனையில் சத்தம் எழுப்பினால் குழாயின் நீளத்துக்கேற்ப ஒலி மாறிப் பதிவாகும். வேகத்தை மாற்ற நாடாவைக் கையாலேயே சுற்றினார். கொலோன் கூடத்தில் வடிகட்டிகளும் எதிரொலி அறையும் செய்த வேலையை வீட்டுச் சாமான்கள் செய்தன.

ரைலியின் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். முனையோடு முனை ஒட்டிய நாடாவை வட்டமாக ஓடவிட்டால் ஒரே துண்டு ஒலி ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். வட்டம் நீளமாக நீளமாகத் திரும்பிவரும் நேரமும் கூடும். ரைலிக்கு வேண்டிய நீளத்துக்கு அறை போதவில்லை. நாடாவை ஜன்னல் வழியே கொல்லைக்குக் கொண்டுபோய், நட்டுவைத்த ஒயின் பாட்டில்களைச் சுற்றவிட்டு, மறுபடி உள்ளே கொண்டுவந்தார்.

இவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்று முதலில் சுத்தியலைக் கையில் எடுத்தவர் ரமோன் செண்டர். ஸ்பெயின் நாட்டு நாவலாசிரியர் ரமோன் ஹோசே செண்டரின் மகன். இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1936-இல், உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோ தரப்பினர் அவர் தாயைச் சுட்டுக்கொன்றார்கள். அமெரிக்காவுக்கு அகதியாக வந்து வளர்ந்தவர். 1961-இல் சான்பிரான்சிஸ்கோ இசைக் கல்லூரியின் பரணில் கிடைத்த சாமான்களை வைத்து ஒரு சின்ன மின்னணுக் கூடம் கட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் ‘சோனிக்ஸ்’ என்ற கச்சேரி வரிசை அங்கே தொடங்கியது. செண்டர், ஒலிவெரோஸ், ரைலி ஆகியோரின் நாடாப் படைப்புகளும், மேடையிலேயே பிறந்த கூட்டு வாசிப்பும் நிகழ்ச்சியில் இருந்தன.

மார்ட்டன் சுபோட்னிக் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். தேர்ந்த கிளாரினெட் கலைஞர். ஓக்லண்டில் இருந்த மில்ஸ் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ‘ஆக்டர்ஸ் வொர்க்‌ஷாப்’ நாடகக் குழுவின் ‘கிங் லியர்’ நாடகத்துக்கு நாடாவில் இசை செய்தபோது, தாளில் எழுதுவதைவிட இதுவே தன் வழி என்று முடிவெடுத்திருந்தார். அவரிடம் சில கருவிகள், செண்டரிடம் சில கருவிகள். 1962-இல் இரண்டையும் ஓரிடத்தில் வைத்தால் என்ன என்று பேசினார்கள். இடிக்கப்படுவதற்காகக் காத்திருந்த ஒரு பழைய வீடு ஜோன்ஸ் தெருவில் 1537-ஆம் எண்ணில் இருந்தது. டேப் மியூசிக் சென்டர் அங்கே பிறந்தது.

மீன் எழுதிய ஸ்வரம்

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டால் கேலிக்குரியதாகத் தோன்றும். செண்டரின் ‘டிராப்பிகல் ஃபிஷ் ஓப்பரா’வில் மேடை நடுவே ஒரு கண்ணாடி மீன் தொட்டி. அதன் பக்கங்களில் மேற்கத்திய இசைக்குறிப்பின் ஐந்து கோடுகள். தொட்டியைச் சுற்றி நான்கு கலைஞர்கள். மீன் எந்தக் கோட்டருகே நீந்துகிறதோ அதுதான் ஸ்வரம். ஒரே மீன் நான்கு பேருக்கும் நான்கு இடத்தில் தெரியும். வாசிப்பவர்கள் ஒலிவெரோஸ், சுபோட்னிக், ரஷ், செண்டர் என்னும் தேர்ந்த கைகள் என்பதால் அது வெறும் குறும்பாக நின்றுவிடவில்லை. கோட்டில் நிலையாக நிற்காத ஸ்வரத்தைத் துரத்திப் பிடிக்கக் காதும் கையும் எவ்வளவு விழிப்பாக இருக்கவேண்டும் என்பதற்கு அது ஒரு பயிற்சி.

1963 மார்ச்சில் ‘சிட்டி ஸ்கேல்’ என்ற நிகழ்ச்சியில் அரங்கத்தையே விட்டுவிட்டார்கள். பார்வையாளர்களை வண்டியில் ஏற்றி நகரம் முழுக்கக் கொண்டுபோனார்கள். முகப்பு விளக்குகளில் வண்ணத்தாள் ஒட்டிய கார்கள் தெருக்களில் வளைந்து வளைந்து போவதை மேட்டிலிருந்து பார்த்தார்கள். சுரங்கச் சாலைக்குள் ஒருவர் டிராம்போன் வாசித்தார். எது ஏற்பாடு செய்தது, எது நகரத்தில் தற்செயலாக நடந்தது என்று பார்த்தவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் நோக்கமும். நாடகக்காரர் கென் டூவியும், ஓவியர் டோனி மார்ட்டினும், செண்டரும் சேர்ந்து போட்ட திட்டம் அது.

மார்ட்டின் அதோடு சென்டரின் நிரந்தர ஆள் ஆனார். திரைக்குப் பின்னாலிருந்து நிறத்திரவம், கண்ணாடி, கையால் தீட்டிய சிலைடுகள் ஆகியவற்றை வைத்து இசையோடு ஒளியை நகர்த்துவது அவர் வேலை. வெறும் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவருக்கும் கஷ்டம். பாரிசிலும் கொலோனிலும் தீராத அந்தச் சிக்கலுக்கு இவர்கள் கண்ட விடை மார்ட்டினின் ஒளி.

வாடகையைப் பங்குபோட்டவர்கள்

1963-இல் ஜோன்ஸ் தெருவை விட்டு, டிவிசடேரோ தெரு 321-ஆம் எண்ணுக்குக் குடிபெயர்ந்தார்கள். தனியாக அந்தக் கட்டடத்தின் வாடகை கட்டுப்படியாகாது. ஆன் ஹால்ப்ரினின் நடனக் குழு ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. கேபிஎஃப்ஏ வானொலி ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மீதி சென்டருக்கு.

பங்கு வாடகை என்ற இந்தக் கணக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒத்திகை முடித்து வரும் நடனக்காரர்கள் இசைக்கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வானொலிக்காரர்களிடம் நல்ல மைக்குகளும் நிகழ்ச்சி நிரப்பவேண்டிய நேரமும் இருந்தன. நடனத்துக்கு இசை தேவைப்பட்டால் மாடிப்படி ஏறினால் போதும். கலைகளை இணைக்கவேண்டும் என்று யாரும் கொள்கை அறிக்கை எழுதவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்ததால் இணைந்தன.

ஆட்கள் குறைவு என்பதால் எல்லாரும் எல்லா வேலையும் செய்தார்கள். இன்று மேடையில் வாசித்தவர் நாளை வயர் சுற்றுவார். மைக்கேல் கலஹன் என்ற இளைஞர் கருவிகளைப் பழுது பார்த்தார்; பின்னர் அந்தப் பொறுப்பு வில்லியம் மெகின்னிஸுக்கு வந்தது. அவரும் இசையமைத்தார். சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும்: எழுதியவரே மெய்ப்புப் பார்த்து, கட்டுக்கட்டி, தபாலாபீசுக்கும் தூக்கிக்கொண்டு போவார்.

இதன் பலன் வெறும் சிக்கனம் அல்ல. அடுத்தவர் படைப்பை வாசிக்கிறவர் அதன் உள்ளே போய்ப் பார்க்கிறார். எங்கே தொய்கிறது, எங்கே நிற்கிறது என்பது விரலுக்குத் தெரிகிறது. யோசனை சொல்ல உரிமையும் கிடைக்கிறது. அந்த உரிமை என்ன செய்தது என்பதற்குச் சான்று கொஞ்ச நேரத்தில் வருகிறது.

ஏற்றப்பலகையில் அக்கார்டியன்

1964 மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் தாண்டும்வரை, நியூயார்க்கிலிருந்து பியானோ கலைஞர் டேவிட் ட்யூடரை வரவழைத்து ஒரு விழா நடத்தினார்கள். இசையமைப்பாளர் ஜான் கேஜின் சங்கடமான படைப்புகளை உலகத்துக்கு வாசித்துக் காட்டிய கைகள் ட்யூடருடையவை. விழாவின் பெயரே ‘ட்யூடர்ஃபெஸ்ட்’. கேஜ், தோஷி இச்சியனாகி, ஆல்வின் லூசியர் ஆகியோரின் படைப்புகளோடு, ஒலிவெரோஸ் அவருக்காகவே எழுதிய ஒன்றும் மேடையேறியது. ஒலிவெரோஸ் கையில் அக்கார்டியன். ட்யூடர் கையில் அதன் உறவான பண்டோனியன். இருவரும் எலிசபெத் ஹாரிஸ் வடிவமைத்த ஏற்றப்பலகையின் இரு முனைகளில் உட்கார்ந்து, ஏறியிறங்கி, சுழன்றுகொண்டே வாசித்தார்கள். ஒலி இடம் மாறிக்கொண்டே இருந்தது.

ஒத்திகையின்போது ஒலிவெரோஸ் வீட்டில் இருந்த ஒரு மைனா தானும் குரல் கொடுத்தது. அதன் பெயர் அகமது. துரத்திவிடாமல் அதையும் படைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தலைப்பிலேயே மைனாவுக்கு இடம் உண்டு, ஆனால் ‘வந்தால் வரலாம்’ என்ற நிபந்தனையோடு. மைனாவிடம் ஒப்பந்தம் போட முடியாதல்லவா.

ட்யூடருக்கும் அந்த வாரம் வெறும் விருந்தாளியாகக் கழியவில்லை. பியானோவை விட்டு மின்னணுக் கருவிகளின் பக்கம் அவர் நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நகர்வு அவரை எங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பது நமக்கு நெருக்கமான கதை. அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

ஒரு தாள், 53 துண்டுகள்

டெர்ரி ரைலி இடையில் ஐரோப்பாவில் இருந்தார். அங்குள்ள அமெரிக்க ராணுவத் தளங்களில் பியானோ வாசித்துப் பிழைப்பு. 1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதும் தளங்களில் கேளிக்கை நின்றது, பிழைப்பும் நின்றது. ஊர் திரும்பி, ‘கோல்ட் ஸ்ட்ரீட் சலூன்’ என்ற மதுக்கூடத்தில் ராக்டைம் வாசிக்கச் சேர்ந்தார். 1964 வசந்தத்தில் ஒருநாள் வேலைக்கு பஸ்ஸில் போகும்போது ‘இன் சி’ என்ற படைப்பின் தொடக்கம் மனதில் ஓடியது.

மொத்தப் படைப்பும் ஒரே தாளில் அடங்கும். 53 சின்னச் சின்ன இசைத்துண்டுகள். எத்தனை பேர் வேண்டுமானாலும், எந்தக் கருவியில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒவ்வொருவரும் ஒரு துண்டை இஷ்டப்பட்டவரை திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கூட்டத்தை விட்டு அதிகம் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கடைசித் துண்டுக்கு எல்லாரும் வந்து சேர்ந்தால் முடிவு. கொல்லையில் ஒயின் பாட்டில்களைச் சுற்றி ஓடிய வட்டநாடாவை மனிதர்களைக்கொண்டு ஓட்டினால் எப்படியிருக்கும் என்பதுதான் இந்த யோசனை.

ஒத்திகையில் அது ஓடவில்லை. ஆளாளுக்கு ஒரு வேகம், சிதறிப்போயிற்று. ஸ்டீவ் ரைஷ் என்ற இளைஞர் வுர்லிட்சர் மின்பியானோவில் உட்கார்ந்திருந்தார். மில்ஸ் கல்லூரியில் இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் படித்துவிட்டு டாக்சி ஓட்டிய பேர்வழி. டிரம்ஸ் வாசித்த பழக்கம் அவருக்கு உண்டு. பியானோவின் மேல் ஸ்தாயியில் ஒரே ஒரு ‘சி’ ஸ்வரத்தை யாராவது ஒருவர் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்வார்களே என்றார். தட்டினார்கள், படைப்பு எழுந்து நின்றது. இன்று ‘இன் சி’யைக் கேட்கும் எவர் காதிலும் முதலில் விழுவது அந்தத் துடிப்புதான். ரைலி எழுதிய தாளில் அது கிடையாது. வாசிக்க வந்த இன்னொரு இசையமைப்பாளர் சேர்த்தது.

1964 நவம்பர் 4-ஆம் தேதி டிவிசடேரோ தெருவில் அரங்கேற்றம். மேடையிலிருந்தவர்களைப் பாருங்கள்: ரைலி, ரைஷ், அக்கார்டியனில் ஒலிவெரோஸ், கிளாரினெட்டில் சுபோட்னிக், டிராம்போனில் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டர், சாக்சபோனில் ஜான் கிப்சன். ரெக்கார்டர் குழல் வாசித்த மெல் வைட்ஸ்மன் பின்னாளில் பெர்க்லி ஜென் மடத்தின் தலைவரானார். செண்டர் மேடையிலேயே இல்லை. ஒவ்வொரு விசைக்கும் ஒரு நாடா ஓடும் சேம்பர்லின் என்ற கருவி மாடியில் இருந்தது. அதை அவர் அங்கிருந்தபடியே வாசிக்க, ஒலி வயர் வழியே கீழே இறங்கி வந்தது. ஒளி மார்ட்டின். ‘சான்பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்’ விமர்சகர் ஆல்ஃபிரட் ஃபிராங்கன்ஸ்டைன் வியந்து எழுதினார். 1968-இல் கொலம்பியா நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டதும் உலகம் முழுக்கப் பரவியது. பிற்பாடு ‘மினிமலிசம்’ என்று பெயர் சூட்டப்பட்ட இசைக்கு இதைத் தொடக்கப் படைப்புகளில் ஒன்றாகச் சொல்வார்கள்.

ரைஷ் சும்மா போகவில்லை. ஊரின் யூனியன் சதுக்கத்தில் ஒரு கறுப்பினப் போதகர் நோவாவின் வெள்ளத்தைப்பற்றி ஆவேசமாகப் பிரசங்கம் செய்ததைப் பதிவு செய்துவைத்திருந்தார். அதில் மழை வரப்போகிறது என்ற சொற்களை இரண்டு வட்டநாடாக்களாக்கி, இரண்டு மலிவான ரெக்கார்டர்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும் என்பது பெயரளவுக்குத்தான். ஒன்று மெல்ல முந்தியது. ஒரே குரல் இரண்டாகப் பிரிந்து, எதிரொலியாகி, தாளமாகிக் குழம்பி, மறுபடி ஒன்றாயிற்று. இயந்திரத்தின் குறையிலிருந்து அவருக்கு ஒரு முறையே கிடைத்தது. ‘இட்ஸ் கோனா ரெயின்’ 1965 ஜனவரியில் அதே சென்டரில் முதலில் ஒலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரைஷ் செய்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

அதே ஆண்டு ஒலிவெரோஸ் ‘பை பை பட்டர்ஃபிளை’ செய்தார். ஆய்வுக்கூடத்துக்காக ஹியூலெட்-பேக்கர்ட் தயாரித்த, மின்னொலி எழுப்பும் இரண்டு ஆஸிலேட்டர்கள், இரண்டு ஒலிபெருக்கிச் சாதனங்கள், ஒரு கிராமபோன், ஒரே நாடாவைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ரெக்கார்டர்கள். முதல் இயந்திரம் பதிவு செய்வதை, நாடா நகர்ந்து போனபின் இரண்டாவது இயந்திரம் வாசிக்கும். அது மறுபடி முதலாவதுக்குள் போகும். கைக்கு அகப்பட்ட ‘மடாம் பட்டர்ஃபிளை’ ஓப்பராத் தட்டை நடுவில் ஓடவிட்டார். நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் அந்தக் காலத்து நாடா இசை. ஒலிவெரோஸ் பிளேடைத் தொடவில்லை. கருவிகளை முறையாக இணைத்துவிட்டு, அக்கார்டியன் வாசிப்பதுபோல நேரடியாக வாசித்தார். எட்டு நிமிட வாசிப்பு அப்படியே படைப்பாயிற்று.

ஐந்நூறு டாலர் பெட்டி

பிளேடை விட்டுவிடவேண்டும் என்பது சுபோட்னிக், செண்டர் இருவரின் கனவாகவும் இருந்தது. வீட்டு மேசையில் வைக்கும் அளவுக்கு ஓர் இசைக்கருவி, வாத்தியமாகவும் ஒலிக்கூடமாகவும் ஒரே சமயத்தில் இருக்கவேண்டும். இருவருக்கும் மின்சுற்று வரையத் தெரியாது. அந்த நேரத்தில் டான் பூக்லா வந்து சேர்ந்தார். பெர்க்லியில் இயற்பியல் படித்தவர். தானும் நாடா இசை செய்கிறவர். சென்டரில் இருந்த மூன்று தட ஆம்பெக்ஸ் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வந்தவர் என்று சொல்வார்கள்.

ராக்பெல்லர் அறக்கட்டளை சென்டருக்குத் தந்திருந்த பணத்திலிருந்து 500 டாலரை எடுத்துக் கொடுத்தார்கள். பூக்லா கொண்டுவந்த தீர்வின் அடிப்படை எளிது. ஆஸிலேட்டரின் குமிழைக் கை திருப்பினால் ஸ்வரம் மாறும். கைக்குப் பதிலாக ஒரு மின்னழுத்தமே அந்தக் குமிழைத் திருப்பட்டும். அப்படியானால் ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை இயக்கலாம். வரிசையாக மின்னழுத்தங்களை முன்கூட்டியே அமைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தரும் பெட்டி ஒன்றைச் செய்தார், அதுதான் சீக்வென்சர். ஒரு வாரம் நாடாவை வெட்டி ஒட்டிக் கோக்கவேண்டிய ஸ்வர வரிசையை அது உடனே கொட்டியது.

அமெரிக்காவின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், ராபர்ட் மூக் என்பவர் இதே சமயத்தில் இதே யோசனைக்கு வந்திருந்தார். மூக் தன் கருவியில் பியானோ மாதிரி கறுப்பு வெள்ளை விசைப்பலகை வைத்தார். சுபோட்னிக்கும் பூக்லாவும் அதை மறுத்தார்கள். அந்த விசைகளைக் கண்டால் கை பழைய இசைக்கே போகும் என்பது அவர்கள் வாதம். பூக்லாவின் கருவியில் விரல் பட்டால் உணரும் உலோகத் தகடுகள் இருந்தன. எந்தத் தகடு எந்த ஸ்வரம் என்பது வாசிப்பவர் தீர்மானம். மூக்கின் பெயர் வீட்டுப் பெயராயிற்று, பூக்லாவின் பெயர் ரசிகர்களின் ரகசியமாயிற்று. வியாபாரத்தில் விசைப்பலகைதான் ஜெயித்தது.

பணம் வந்தது

கருவி வந்துசேர்ந்த காலத்திலேயே கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. 1966 ஜனவரி 21 முதல் 23 வரை லாங்ஷோர்மென்ஸ் ஹாலில் ‘டிரிப்ஸ் ஃபெஸ்டிவல்’ நடந்தது. எழுத்தாளர் கென் கெசியின் கூட்டாளிகள், ஸ்டூவர்ட் பிராண்ட், செண்டர் ஆகியோர் ஏற்பாடு. கிரேட்ஃபுல் டெட் ராக் குழு வாசித்தது, பூக்லா தன் பெட்டியோடு நின்றார், ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். சின்னக் கூடத்தில் வளர்ந்த ஒளியும் ஒலியும் ஹிப்பி யுகத்தின் ராக் கச்சேரிகளுக்குச் சீதனமாகப் போயின. செண்டருக்கு நகரமே அலுத்தது. அந்த ஆண்டே மார்னிங் ஸ்டார் என்ற கிராமக் கம்யூனுக்குப் போய்விட்டார்.

ராக்பெல்லர் அறக்கட்டளை இதற்குள் இவர்களைக் கவனித்திருந்தது. முதலில் ஓராண்டுக்கு 15,000 டாலர். பிறகு 2,00,000 டாலர் தரத் தயார் என்றது. நியூயார்க்கின் பெரிய மையத்துக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆனால் வரவுசெலவுக்குப் பொறுப்பேற்க ஒரு நிறுவனம் வேண்டும். எங்காவது ஒரு கல்லூரியோடு சேருங்கள் என்பது நிபந்தனை. 1966-இல் கருவிகள் வளைகுடாவைத் தாண்டி ஓக்லண்டின் மில்ஸ் கல்லூரிக்குப் போயின. சுபோட்னிக் அதே ஆண்டு நியூயார்க் போனார். அங்கே பூக்லா பெட்டியில் அவர் செய்த ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்’ 1967-இல் நான்சச் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. மேடைக்காக அல்லாமல் தட்டுக்காகவே ஒரு நிறுவனம் கேட்டு வாங்கிய முதல் மின்னணுப் படைப்பு அது. மார்ட்டினும் நியூயார்க் போனார். மில்ஸில் முதல் இயக்குநராக இருந்த ஒலிவெரோஸ் 1967-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆசிரியையானார். ரைலி 1970-இல் பண்டிட் பிராண் நாத்தின் சீடராகி இந்துஸ்தானி சாதகத்தில் இறங்கினார்.

பணம்தான் கெடுத்தது என்று எழுதினால் கதை அழகாக முடியும். அது நியாயமாகாது. மில்ஸ் கல்லூரிக் கூடத்தில் வெளியாட்களும் சிறு கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம் என்ற பழைய வழக்கம் தொடர்ந்தது. பல தலைமுறை இசைக்காரர்கள் அங்கே உருவானார்கள். டிவிசடேரோ தெருவில் பங்கு வாடகையோடு போராடியிருந்தால் இன்னும் இரண்டு வருஷம் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். மில்ஸுக்குப் போனவை கருவிகளும் விதிகளும். ஒருவர் படைப்பில் மற்றவர் உட்கார்ந்து வாசித்து, தட்டிக்கொண்டே இரு என்று யோசனை சொல்லும் அந்தப் பழக்கத்தை எந்த மானியத்தாலும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரே ஊரில், ஒரே வயதில், அவரவர் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்குக் குறைந்த வசதியோடு சிலர் இருக்கவேண்டும்.

இசை வரலாறு ‘இன் சி’யை ரைலியின் பெயரிலும், ‘இட்ஸ் கோனா ரெயின்’ஐ ரைஷின் பெயரிலும், சீக்வென்சரை பூக்லாவின் பெயரிலும் எழுதிவைத்திருக்கிறது. தவறில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரே முகவரி இருந்தது என்பதை அதோடு சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாக வரும்.

ஏற்றப்பலகையில் பண்டோனியன் வாசித்த டேவிட் ட்யூடர் 1969-இல் ஒரு மூக் சிந்தசைசரோடு அகமதாபாத்தில் வந்து இறங்கினார். தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அவர் நிறுவிய மின்னணு இசைக்கூடத்தில் இந்தியர்கள் சிலர் நாடாவில் என்ன பதிவு செய்தார்கள், அந்த நாடாக்கள் ஏன் பல பத்தாண்டுகள் அலமாரியிலேயே கிடந்தன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)